வெள்ளிச் சட்டைக்காரனின் கருமாதி

நந்தகோபாலுக்குப் பெண் கொடுக்க மூன்று ஊர்க்காரர்கள் மறுத்தார்கள். மூன்று ஊரிலும் சொன்ன காரணம் ஒன்றுதான். பையன் மேடையில் பாடுகிறவன். கோவில்பட்டியில் ஒரு மெல்லிசைக் குழுவில் அவன் பாடிக்கொண்டிருந்தான். கோயில் கொடைத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ குழு போனால் முதல் சாமிப் பாட்டு அவனுடையது. பகலில் தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலை. ஆபீஸ் என்றதும் யாரும் மேஜை நாற்காலியை நினைக்க வேண்டாம். இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் ஆபீஸ் என்று பெயர்.

அவன் ஊர் ஆவாரங்குளம். எட்டயபுரம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடக்க வேண்டும். அப்பா போன பிறகு ஆட்டுக்கிடையை அம்மா வெள்ளைத்தாய்தான் பார்த்துக்கொண்டாள். மகனுக்கு முப்பது வயது தாண்டியும் ஒன்றும் அமையவில்லையே என்று அவள் கோயில் கோயிலாக ஏறிக்கொண்டிருந்தபோது, கடம்பூர்க் கண்ணபிரான் சம்மதித்தார். போளிக் கடைகளுக்கு நெய் ஊற்றுகிறவர். மாடும் கன்றுமாகக் கௌரவமான குடும்பம். இரண்டு பெண்கள். மூத்தவள் பிரேமா, இளையவள் சந்தனமாரி.

நிச்சயத் தாம்பூலத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்.

"மாப்ள நல்ல பையன். குடி கிடையாது. ஆனா இனி மேடை ஏறக் கூடாது. ஆபீஸ் வேலையவும் விடக் கூடாது. இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டா மேற்கொண்டு பேசுவோம்."

நந்தகோபால் வெற்றிலைத் தட்டில் கையை வைத்து ஒத்துக்கொண்டான். மறுவாரமே குழுவிலிருந்து விலகினான். 2001 வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவன் பாடியதெல்லாம் வீட்டில் பிரேமாவுக்குத்தான். அதுவும் அவள் மாவாட்டும்போது, ஆட்டுரல் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடுவான். பிரேமா ஆட்டுவதை நிறுத்திவிட்டால் அவனும் நிறுத்திவிடுவான். அவள் வேண்டுமென்றே நடுவில் நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. அடுத்த சித்திரையில் ஆபீஸுக்குச் சின்ன முதலாளி வந்து சேர்ந்தார்.

சின்ன முதலாளி விஜயராஜ் சென்னையில் படித்தவர். பிளாஸ்டிக் லைட்டர் பெட்டிக்கடை தோறும் தொங்க ஆரம்பித்திருந்த சமயம் அது. குடோனில் பண்டல்கள் தேங்கின. அவர் ஒரு புது லேபிள் போட்டார். வால்நட்சத்திரம். நீல வானத்தில் வெள்ளி வாலோடு ஒரு நட்சத்திரம் பாய்கிற படம். ஆபீஸில் இருந்த வயசாளிகள் சிலர், வால்நட்சத்திரம் முளைத்தால் மழை போய்விடும், இந்தப் படம் வேண்டாம் என்று முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

லேபிளை ஊரெல்லாம் கொண்டுபோக ஒரு விளம்பரக்காரரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். வந்தவர் ஒரு வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார். வெள்ளைக்காரப் பாட்டுக்காரர்கள். ஆண்கள்தான், ஆனால் உதட்டுச் சாயம், கண்மை, தோளுக்குக் கீழே சுருட்டை முடி, மின்னுகிற இறுக்கமான கால்சட்டை, பொம்பளைச் செருப்பு மாதிரி உயரமான பூட்ஸ். அவர்களைக் கிண்டல் செய்கிற மாதிரி ஒரு குழு அமைக்க வேண்டும், வேனில் ஊர் ஊராகப் போக வேண்டும் என்பது யோசனை. உலகத்திலேயே தாங்கள்தான் பெரிய பாட்டுக்காரர்கள் என்ற மிதப்போடு அவர்கள் வந்து இறங்குவார்கள். கர்ணகடூரமாகப் பாடுவார்கள். நடுவில் பாட்டுக்காரன் தன் கிட்டாரின் வாலில் தீ வைப்பதாகச் சொல்லி லைட்டரைத் தட்டுவான். பற்றாது. தட்டிக்கொண்டே இருப்பான். சனம் சிரிக்கும். கடைசியில் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து ஒரே உரசலில் தீக்குச்சியைப் பற்றவைத்துக் கொடுப்பாள். கிட்டார் வாலில் கட்டிய மத்தாப்பு சீறும். அவ்வளவுதான் ஆட்டம்.

பாட்டுக்காரன் வேண்டுமே. லோடு செக்‌ஷனில் ஒருவன் பாடுவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மொதலாளி, நான் மேடை ஏற மாட்டேன்னு வாக்குக் குடுத்துல்லா கல்யாணம் பண்ணியிருக்கேன்" என்றான் நந்தகோபால்.

"மேடை எங்க இருக்கு? இது வேனு."

"மாமனாருக்குத் தெரிஞ்சா..."

"எப்படித் தெரியும்? மூஞ்சி பூரா வெள்ளிப் பூச்சு. தலையில டோப்பா. ஒங்க அம்மாவே எதுக்க வந்தாலும் தெரியாது. பேரும் போட மாட்டோம்."

"வேற ஆளப் பாக்கலாமே மொதலாளி."

"பாக்கலாம். அப்படிப் பாத்தா லோடு செக்‌ஷனுக்கும் சேத்துத்தான் பாக்கணும்."

வாக்கின் ஒரு பாதியைக் காப்பாற்ற மறு பாதியை விட வேண்டும் என்று ஆனது. பூச்சை நம்பி அவன் ஒத்துக்கொண்டான். தீபாவளி வரைக்கும்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

குழுவுக்கு வால்நட்சத்திரம் பாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். டிரம் அடிக்கச் சோலைச்சாமி. ஒருகாலத்தில் தவில் அடித்தவன், இப்போது குச்சிக் கட்டு இறக்குகிறவன், நந்தகோபாலுக்குக் கூட்டாளி. ஆபீஸ் பையன்கள் இரண்டு பேர் பிளைவுட்டில் அறுத்த கிட்டாரோடு நின்றார்கள். பூட்ஸுக்கு அடியில் டயரை வெட்டி அடுக்கி உயரம் ஏற்றியிருந்தது. சட்டை பளபளவென்று அலுமினியத் தாள் நிறத்தில் இருக்கும், நெஞ்சில் வால்நட்சத்திரம். சித்திரை வெயிலில் அந்தச் சட்டைக்குள் ஆள் வெந்து போவான்.

"லைட்டரு லைட்டரு டிக்கு டிக்கு
நெருப்ப எங்கல கக்கு கக்கு"

என்று தொடங்கும் பாட்டு. இடையிடையே அர்த்தமில்லாத இங்கிலீஷ். சுருதி விலகிப் பாட வேண்டும் என்பது விளம்பரக்காரர் கட்டளை. சரியாகப் பாடப் பழகியவனுக்கு விலகிப் பாடுவது சுலபம் என்று அவர் நினைத்திருந்தார். நந்தகோபால் தினமும் சாயங்காலம் தொண்டை புண்ணாகித்தான் வீடு திரும்பினான்.

பிரேமாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஜிகினா ஒட்டியிருந்தது.

"என்ன அத்தான் இது? எங்க போய் மினுங்கிட்டு வாரீய?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தேங்காய் எண்ணெயைத் தொட்டு அந்த ஜிகினாவைத் துடைத்தாள்.

"எங்க அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னயக் கூட்டிட்டுப் போயிருவாவ. அவிய சொன்னாச் செஞ்சிருவாவ" என்றாள்.

"தீபாவளியோட முடிஞ்சிரும் பிரேமா."

"அதுவரைக்கும் நானே தொடச்சு விடுதேன். நீங்க தொடைக்கத் தெரியாமத் தொடைக்கீய."

கழுகுமலைச் சந்தை, எட்டயபுரம், விளாத்திகுளம், அதற்குக் கிழக்கே உப்பளம் வரைக்கும் வேன் ஓடியது. வேன் கூரையில் ஒரு பொம்மையையும் கட்டியிருந்தார்கள். வைக்கோல் அடைத்து, அதே வெள்ளிச் சட்டை போட்டு, அதே டோப்பா வைத்து, பானையில் முகம் எழுதிய பொம்மை. முகம் நந்தகோபாலின் முகத்தைப் பார்த்து எழுதியது. மூக்கு மட்டும் சற்றுப் பெரிசாக இருந்தது.

"ஒன்னய விட அவன் நல்லாப் பாடுவாம்ல. வாயத் தொறக்க மாட்டான்" என்பான் சோலைச்சாமி.

ஆவணியில் ஆவாரங்குளத்து அம்மன் கொடைக்கே வேனை விட்டார் முதலாளி. நந்தகோபால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பூச்சு இருக்கே என்றார். பூச்சு இருந்தது. ஆனால் எதிரே அம்மன் நடை திறந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் முதல் பாட்டுப் பாடிய இடம். அந்த நடைக்கு முன்னால் சுருதி விலகிப் பாட அவனுக்கு நா எழவில்லை. முதல் அடியைச் சரியாகப் பாடிவிட்டான். லைட்டர் பாட்டுத்தான், ஆனால் பாடிய விதம் சாமிப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்.

"ஏட்டி, இது நம்ம வெள்ளத்தாயி மவன் தொண்டைல்லா."

ஊர் சந்தோஷமாகக் கத்தியது. நந்தகோபாலு, நந்தகோபாலு என்று. நம் பிள்ளைதான் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறான் என்ற பெருமை அவர்களுக்கு. ஒரு வாரத்துக்குள் சுற்று வட்டாரம் முழுக்க, வெள்ளிச் சட்டைக்காரன் என்றால் ஆவாரங்குளத்து நந்தகோபால் என்று தெரிந்துவிட்டது.

கண்ணபிரான் வந்தார். கோபப்படவில்லை. திண்டாடிப் போனவராக இருந்தார்.

"எனக்கு ரெண்டாவதும் ஒண்ணு இருக்கு மாப்ள. கழுகுமலையில ஒரு எடம் பேசிக்கிட்டிருக்கேன். அக்கா மாப்ள என்ன பண்ணுதாருன்னு கேக்காவ. நான் மூஞ்சிக்கு வெள்ளி பூசுதாருன்னா சொல்ல?"

"தீபாவளியோட முடிஞ்சிரும் மாமா. வேலையப் புடுங்கிருவேன்னாரு, அதான்."

"சரி. தீபாவளி. அதுக்கு மேல ஒரு நா போனாலும் என் மகள நான் கூட்டிட்டுப் போயிருவேன்."

நந்தகோபால் அந்தத் தீபாவளிக்காகக் காத்திருந்தது போல வேறு எதற்கும் காத்திருக்கவில்லை. வந்தது. வேன் நின்றது. பூச்சு, டோப்பா, பூட்ஸ் எல்லாவற்றையும் குடோனில் ஒப்படைத்துவிட்டு மறுநாள் லோடு செக்‌ஷனுக்குப் போனான். அன்றைக்குப் பிரேமா மாவாட்டும்போது அவன் சத்தமாகவே பாடினான்.

ஆனால் பொம்மை மிச்சம் இருந்தது. நல்ல விற்பனை செய்த கடைகளுக்குப் பரிசாகச் சில பொம்மைகளைச் செய்து கொடுத்திருந்தார் முதலாளி. குளத்தூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பொன்மணி என்பவள் நடத்திய கடையின் முன்னால் ஒரு வெள்ளிச் சட்டைக்காரன் நின்றிருந்தான்.

அந்த வருஷம் ஆடியில் மழை இல்லை. புரட்டாசியில் விதைத்தது முளைத்துச் செத்தது. ஐப்பசியிலும் வானம் வெளுத்துக் கிடந்தது. கரிசல் பிளந்து, மாட்டுக் கால் உள்ளே போகிற அளவு வெடிப்பு. அந்தச் சிற்றூரில் கொடும்பாவி இழுப்பது என்று முடிவு செய்தார்கள்.

மழை பொய்த்தால் ஊரில் பெரிய பாவி ஒருத்தன் இருக்கிறான் என்று கணக்கு. வைக்கோலில் அவனைப் போல ஓர் உருவம் செய்து, பிணம் மாதிரித் தெருத் தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் எரிப்பார்கள். ஓர் ஆண் சேலை கட்டிக்கொண்டு, பாவியின் பெண்டாட்டியாக நடித்து, தாலி அறுப்பான். அந்த வருஷம் வைக்கோலுக்கே பஞ்சம். மாட்டுக்கு இல்லாத வைக்கோலை எரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான் ஒருவர் பொன்மணி கடையைக் காட்டினார். செய்து வைத்த உருவம். அதுவும் நெஞ்சில் வால்நட்சத்திரம். இந்தப் படத்தைச் சுவரில் ஒட்டின நாளிலிருந்துதானே மழை இல்லை என்று வயசாளிகள் சொன்னார்கள். பொன்மணியும் கொடுத்துவிட்டாள். ஊர் மழைக்குக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்?

ஒப்பாரி வைக்க வெயிலுகந்தம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கத்தில் பேர் போனவள். சாவு வீட்டுக்கு வந்ததும் முதலில் செத்தவர் பேர், பெற்றவள் பேர், கட்டியவள் பேர், கட்டியவளின் ஊர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் உட்காருவாள். பேர் சேர்க்காமல் அழுதால் அது யாருக்கும் சேராத அழுகை என்பது அவள் தொழில் முறை. கொடும்பாவிக்கு வழக்கமாகப் பேர் கிடையாது. ஆனால் இந்தக் கொடும்பாவிக்கு முகம் இருந்தது. முகம் இருந்ததால் அவள் கேட்டாள்.

"இது யாரு மாதிரி?"

ஆபீஸ் வண்டியில் தினமும் கோவில்பட்டிக்கு வேலைக்குப் போகிற அழகுத்தாய் அங்கே நின்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னாள். பேர், அம்மா பேர், பெண்டாட்டி பேர், கடம்பூர்.

"கரிசக்காடு வெடிச்சிருக்க
கம்மந்தட்ட காஞ்சிருக்க
வெள்ளத்தாயி பெத்த பாவி
வெள்ளிச்சட்டை போட்ட பாவி
கடம்பூருப் பிரேமா கழுத்தறுக்கக்
காட்டுக்குப் போறியே நந்தகோபாலு"

இரண்டு நாளில் அந்த ஊரில் மழை பெய்தது. பெரிய மழை ஒன்றும் இல்லை, கண்மாயில் கணுக்கால் தண்ணீர் நின்றது. பக்கத்து ஊரில் ஒரு பொட்டும் விழவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, என்ன பாட்டு, என்ன பேர் என்று கேட்டுப் போனார்கள்.

கார்த்திகை பிறந்ததும் சோலைச்சாமி லோடு செக்‌ஷனில் சொன்னான்.

"ஏலே, நீ செத்துப் போனியாமே. எட்டு ஊர்ல எரிச்சாச்சாம். எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீ."

நந்தகோபால் சிரித்தான். சோலைச்சாமி பாட்டைப் பாடிக் காட்டினான். பிரேமா பேர் வந்த இடத்தில் நந்தகோபாலின் சிரிப்பு நின்றது. தோளில் இருந்த பண்டலை இறக்கி வைத்துவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு, குளத்தூர் பஸ் ஏறினான்.

வெயிலுகந்தம்மாள் அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

"என் பேர எடுத்திருங்க ஆத்தா. இல்ல, என் பேரு இருந்துட்டுப் போகட்டும். அவ பேர மட்டும் எடுத்திருங்க."

"பேரு இல்லாம எப்படிய்யா அழ? நீ உசிரோட இருக்கன்னு எனக்குத் தெரியும் ராசா. அதனாலதான் நிம்மதியாப் பாடினேன். நெசமாச் செத்தவனுக்குப் பாடுதப்ப அழுகை முட்டும், ராகம் விட்டுப் போயிரும்."

"இனிப் பாடாதீய."

"நான் விட்டுருவேன். மத்தவளுக விடணுமே. அந்தப் பேரு சொன்னதுக்குத்தான் மழ வந்துதுங்காவ. எங்கிட்டக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிட்டுப் போறாளுக. நான் என்ன செய்ய?"

முதலாளியிடம் போனான். பொம்மைகளைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னான். முதலாளி நாற்காலியைப் பின்னால் சாய்த்தார்.

"நல்ல ஆளுய்யா நீ. நானே இன்னும் இருபது பொம்ம செய்யச் சொல்லியிருக்கேன். மழ இல்லாத ஊருக்கெல்லாம் சும்மா குடுக்கப் போறோம். ஒண்ணே ஒண்ணுதான் கண்டிஷன். கொள்ளி நம்ம தீப்பெட்டியில வைக்கணும்."

"மொதலாளி, எம் பொண்டாட்டி பேரச் சொல்லித் தாலி அறுக்காவ."

"பொம்மைக்குத்தானப்பா. ஒனக்கா?"

விளம்பரக்காரர் கூட இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்று சொல்லி முதலாளி சிரித்தார்.

கார்த்திகைத் தீபத்துக்குப் பிரேமா கடம்பூருக்குப் போயிருந்தாள். தீபம் முடிந்த மூன்றாம் நாள், காலைப் பதினோரு மணி வெயிலில், அவள் பிறந்த தெரு வழியாகவே கொடும்பாவி வந்தது. வெள்ளிச் சட்டை புழுதியில் இழுபட்டு வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பாட்டை எடுத்தார்கள். கடம்பூருப் பிரேமா என்ற அடி வந்தபோது தெருவே திரும்பி அவளைப் பார்த்தது. பாடியவர்களுக்கு அந்தப் பிரேமா அங்கே நிற்பது தெரியாது. சேலை கட்டியவன் அவள் வாசலுக்கு நேரே நின்றுதான் மஞ்சள் கயிற்றை அறுத்து எறிந்தான். கயிறு கோலத்தின் மேல் விழுந்தது. சந்தனமாரி ஓடிவந்து அதைக் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டாள்.

கழுகுமலைச் சம்பந்தம் அந்த வாரமே நின்றது. ஒப்பாரியில் பேர் வருகிற வீட்டில் எப்படி மேளம் கொட்டுவது என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். அடுத்து ஒரு இடம், அதுவும் அப்படியே. பிரேமா ஆவாரங்குளத்துக்குத் திரும்பவில்லை. நந்தகோபால் இரண்டு முறை போனான். மாமனார் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

மார்கழி முதல் வாரத்தில் கண்ணபிரான் பிரேமாவைக் கூட்டிக்கொண்டு தானே வந்தார். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் வெள்ளைத்தாய்.

"உக்கார வரல. ஊர்ப் பெரியவங்ககிட்டக் கேட்டேன். எரிச்சாவ, ஆனா கருமாதி முடிக்கல. முடிக்காத சாவு திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும், அதான் பாட்டு நிக்க மாட்டங்குதுங்காவ. கருமாதி முடிச்சிட்டா அந்தப் பேரச் சொல்லி அழுதாக் குத்தம். யாரும் பாட மாட்டாவ."

"யாருக்குக் கருமாதி?"

அவர் திண்ணையில் இருந்த நந்தகோபாலைப் பார்த்தார்.

"குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான் எம் மவன். பழைய சோறு ரெண்டு சட்டி திங்கான். அவனுக்குக் கருமாதியா? நெய் ஊத்துத புத்தியில மூளையும் உருகிப் போச்சோ ஒமக்கு? பொம்மைக்குத்தான சாவு, பொம்மையக் கட்டிக்கிட்டவ எவளோ அவளுக்கு அறுங்க."

"தாயி, எனக்கு ஒரு மக வாழ்க்க போச்சு. இன்னொருத்தியவாவது..." என்று சொல்லிவிட்டுக் கண்ணபிரான் வேப்பமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

உள்ளே பிரேமா ஆட்டுரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நந்தகோபால் எதிரே உட்கார்ந்தான்.

"நீ என்ன சொல்லுத?"

"சந்தனமாரி சாகப் போனா அத்தான். நான்தான் பாத்து மறிச்சேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது."

"திருப்பூருக்குப் போயிருவோம் பிரேமா. பனியன் கம்பெனியில எனக்கு ஆளு தெரியும். அங்க யாருக்கும் நம்மளத் தெரியாது."

"நாம போயிருவோம். பாட்டு இங்கனதான இருக்கும். அவளும் இங்கனதான இருப்பா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப கல்யாணத்த அறுத்து விட்டுருவோம்னு சபையில சொல்லிருதேன். நான் வந்து சம்மதம்னு சொன்னாப் போதும்லா. கருமாதி எதுக்கு?"

"அது வேற அத்தான். அப்படிச் செஞ்சா நீங்க இருக்கீய. இருக்க வரைக்கும் பாடுவாவ." அவள் குரல் உடையவில்லை. வெகுநேரம் யோசித்து முடித்தவள் பேச்சாக இருந்தது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். வராம இருந்தாப் போதும். யாரு கண்ணுலயும் படாம இருந்தாப் போதும். அன்னைக்கு நீங்க வந்து நின்னா, நான் எந்திரிச்சு ஒங்ககூட வந்துருவேன். வந்துருவேன்னு எனக்கே பயமா இருக்கு. அதான் நேர்ல சொல்லிட்டுப் போக வந்தேன்."

போகும்போது அவன் தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் துகளை எடுத்துக் கீழே போட்டாள்.

மார்கழி மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, கடம்பூர்க் கண்மாய்க் கரையில் கருமாதி நடந்தது. நந்தகோபால் போகக் கூடாது என்றுதான் இருந்தான். காலையில் ஆபீஸுக்கென்று கிளம்பியவன் கோவில்பட்டி ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலில் ஏறியிருந்தான். கடம்பூரில் இறங்கி, ஊருக்குள் போகாமல், தண்டவாளத்தை ஒட்டி நடந்து, கண்மாயின் மறு கரையில் சீமைக் கருவேலங் காட்டுக்குள் உட்கார்ந்தான்.

கண்மாயில் நடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் இருந்தது. அக்கரையில் ஆட்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். செங்கல் மூன்றை நட்டுப் பூப்போட்டிருந்தார்கள். பிரேமா புதுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைத்திருக்கவில்லை. பக்கத்தில் சந்தனமாரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குடும்பத்தில், தாலியை எடுப்பதற்கு முன் செத்தவரைத் தண்ணீரைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் இல்லை என்று எல்லோரும் கேட்ட பிறகுதான் எடுப்பார்கள். கண்ணபிரான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்.

"நந்தகோபாலு."

கண்மாய்க்கு இந்தப் பக்கம் அது நன்றாகக் கேட்டது. வக்கா நாரை ஒன்று தண்ணீரிலிருந்து கிளம்பிப் போனது.

"நந்தகோபாலு."

இரண்டாவது முறை அவர் குரல் கம்மியது. அவனைப் பேர் சொல்லி அவர் அழைத்ததே இல்லை. எப்போதும் மாப்ள என்றுதான் சொல்வார். கரையில் இருந்த பெண்கள் அழத் தொடங்கினார்கள். பிரேமா அழவில்லை. தலையை நிமிர்த்தி அவன் இருந்த கரையை, கருவேலங் காட்டை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

மூன்றாவது முறை கூப்பிடக் கண்ணபிரானுக்கு நேரம் பிடித்தது. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு கூப்பிட்டார். நந்தகோபால் தோள் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி குனிந்திருந்தான்.

"பதில் இல்ல" என்றார் ஒரு பெரியவர். மற்றவர்களும் சொன்னார்கள்.

கிழவி ஒருத்தி பிரேமாவுக்குப் பின்னால் வந்து நின்றாள். வளையல் உடைகிற சத்தம் அக்கரையிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தது. பிறகு எல்லோரும் தண்ணீரில் தலை முழுகினார்கள். திரும்பிப் பார்க்காமல் கரையேறி வரிசையாக ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

நந்தகோபால் எழுந்திருக்கவில்லை. கண்மாயில் மாடு குளிப்பாட்ட இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பார்த்துவிட்டால் இத்தனையையும் அவள் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். மாடுகள் குளித்துக் கரையேறிப் போகும் வரைக்கும் அவன் முள்ளுக்குள்ளேயே படுத்துக் கிடந்தான்.